பஸ் படி உயரம் என்று முறைப்பாடு எழுதப் போகிறீர்களா? முதலில் டேப்பை எடுங்கள்

"பஸ்ஸில் ஏற முடியவில்லை, நடவடிக்கை எடுங்கள்" என்று மட்டும் எழுதினால் "கவனத்தில் எடுக்கப்பட்டது" என்று ஒரு வரிப் பதில் வரும், அதுவும் வந்தால்தான். கடிதத்தில் அளவு இருக்க வேண்டும், அதை எந்தத் தரத்தோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதும் இருக்க வேண்டும்.

மலையகத்தில் ஹட்டனோ நுவரெலியாவோ பதுளையோ, ஸ்டாண்டுக்குள் சமதரையில் நிற்கிற காலி பஸ்ஸாகப் பாருங்கள். கான் ஓரமாகச் சாய்ந்து நிற்கும் பஸ்ஸை அளந்தால் பாதையின் சரிவும் அதில் சேர்ந்துவிடும், அந்த ஒரு காரணத்தைச் சொல்லியே உங்கள் கணக்கைத் தள்ளிவிடுவார்கள். ஆட்கள் நிறைந்திருந்தால் ஸ்பிரிங் அமுங்கி உயரம் குறைவாகக் காட்டும். தரையிலிருந்து முதல் படியின் மேல் விளிம்பு வரை, அப்புறம் ஒவ்வொரு படியும், கதவின் அகலமும். எஞ்சின் பெட்டி முன்பக்கம் இருந்தால் அதற்கும் சீட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று பாருங்கள், ஊன்றுகோல்காரர் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான். தரையில் நின்றபடியே கைப்பிடிக் கம்பி எட்டுகிறதா? டேப்பின் எண் தெளிவாகத் தெரிய போட்டோ எடுங்கள். டிரைவரிடமும் கொண்டக்டரிடமும் சொல்லிவிட்டு அளப்பது நல்லது, பஸ்ஸைச் செய்தவர்கள் அவர்கள் இல்லையே.

சரி, எதோடு ஒப்பிடுவது? இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, 2006இல் வந்த அணுகல் ஒழுங்குவிதிகள் பெரும்பாலும் கட்டடங்களைப் பற்றியே பேசுகின்றன. ஆனால் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது, அதன் 9ஆம் உறுப்புரை போக்குவரத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதைக் கட்டாயம் எழுதுங்கள். அளவுக்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று போதும். பிரித்தானியாவின் 2000ஆம் ஆண்டு விதிகளில் பஸ்ஸின் முதல் படி 250 மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது, சக்கர நாற்காலிக்கு 1300க்கு 750 மில்லிமீற்றர் இடம் விட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: "தாழ்தள பஸ் (படி ஏறாமல் நுழையக்கூடிய, தரைக்கு நெருக்கமான தளமுள்ள பஸ்) தாருங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் வளைவுகளிலும் குழிகளிலும் அடிப்பாகம் உரசும் என்ற பதில் தயாராக இருக்கும், அதில் ஓரளவு நியாயமும் உண்டு. இந்தியாவின் 2013 நகர பஸ் விவரக்குறிப்பு 400, 650, 900 மில்லிமீற்றர் என்று மூன்று தள உயரங்களை வைத்திருக்கிறது, ஆகவே மலைப்பாதைக்கு ஏற்ற உயரத்தோடு தாழ்வான முதல் படி, எட்டுகிற கம்பி, பனிமூட்டத்திலும் தெரிகிற மஞ்சள் விளிம்பு, சக்கர நாற்காலியை ஏற்றும் மின்தூக்கி என்று பிரித்துக் கேளுங்கள். கிளினிக் போகிற பாட்டிமார், கர்ப்பிணித் தாய்மார் பெயரையும் சேருங்கள். சக்கர நாற்காலி விஷயம் மட்டும்தானே என்று ஒதுக்க இடம் கொடுக்காதீர்கள்.

யாருக்கு அனுப்புவது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். ஹட்டன் – நுவரெலியா மாதிரி மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ் என்றால் மாகாணப் போக்குவரத்து அதிகாரசபை, நுவரெலியா – பதுளை மாதிரி மாகாணம் தாண்டினால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, சிவப்பு பஸ் என்றால் இலங்கை போக்குவரத்துச் சபை.

கடிதத்தோடு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கேள்வியும் போடுங்கள்: "இந்தப் பாதைக்கு அனுமதி கொடுக்கும்போது படி உயரம், கதவு அகலம் ஆகியவற்றுக்கு எந்த எழுத்து மூலத் தரத்தைப் பின்பற்றினீர்கள்? அதன் பிரதியைத் தாருங்கள்." ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். கிடைத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லாவிட்டால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. "அப்படி ஒரு தரமும் இல்லை" என்று பதில் வந்தாலும் நல்லதுதான், அதை அடுத்த கடிதத்தின் முதல் இணைப்பாக வைத்துவிடலாம்.