படம் வரையக் கொடுப்பதற்கு முன்னால்: சிறார் கதை எழுத வருபவர்கள் தவிர்க்க வேண்டியவை

போன மாதம் ஒரு பயிலரங்கில் புதிதாக எழுத வந்த எட்டுப் பேரின் கதைகளைப் படித்தேன். அதில் மூன்று கதைகள் முழுக்கப் படம் வரைந்து, அட்டை வரை முடிந்து வந்திருந்தன. "படமெல்லாம் ரெடி மேடம், கதையை மட்டும் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றார் ஒருவர். பத்து வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் இன்னொருவரிடம் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எழுத்துப்பிழை, கடைசி வரியில் நீதி சொல்வது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

சின்ன வயதில் படித்ததோடு நின்றுவிடுவது

அம்புலிமாமா 1947-லும் கோகுலம் 1972-லும் வரத் தொடங்கின. நம்மில் பலர் அவற்றை எழுத்துக்கூட்டிப் படித்து வளர்ந்தவர்கள். அந்தப் பிரியம் இருக்கட்டும். ஆனால் எழுத உட்கார்ந்ததும் கையில் வருவது அதே ராஜா, அதே காடு, அதே முனிவர். பக்கத்து வீட்டுப் பிள்ளை கதைக்குள் எங்குமே இல்லை.

இப்போது வருவதைப் படியுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் ஊஞ்சல், தேன்சிட்டு, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் போன்ற சிறார் இதழ்கள் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்குத் தனி விருது கொடுக்கிறது. அந்தத் தமிழ்ப் புத்தகங்களை வரிசையாகத் தேடிப் பிடியுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் காசில்லாமல் படிக்கலாம். படிக்கும்போது பக்கத்துக்கு எத்தனை வரி, எந்த இடத்தில் பக்கம் திரும்புகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நான் கற்றுக்கொண்டதில் பாதி அப்படி ஒரு நோட்டிலிருந்து வந்ததுதான்.

'5 முதல் 15 வயதுக்கு' என்று போடுவது

பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களைப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் கதை எந்தப் படிக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

பிள்ளைகளிடம் வாசித்துப் பார்க்காமல் படம் வரையக் கொடுப்பது

என் தையல்சிட்டுக் கதை இப்படித்தான் கெட்டது. 16 பக்கப் புத்தகம், 12 படங்கள். ஓவியர் இரண்டு மாதம் உழைத்தார். முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் ஒரு தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்தேன்.

முதல் நான்கு பக்கமும் கண் எடுக்காமல் கேட்டார்கள். ஐந்தாம் பக்கத்தில் மழை விடட்டும் என்று சிட்டு இலைக்கடியில் காத்திருக்கும். ஆறாம் பக்கத்திலும் காத்திருக்கும். ஏழாம் பக்கம் முழுக்க மழை வர்ணனை. அந்த வரிகள் மேல் எனக்கு அவ்வளவு ஆசை. முன்வரிசைப் பையன் முழங்காலில் காய்ந்திருந்த புண்ணின் பொருக்கை மெதுவாகப் பிய்க்க ஆரம்பித்தான். இரண்டு பேர் பென்சில் சீவ எழுந்து போனார்கள். நான் படத்தைத் திருப்பிக் காட்டியதும் ஒரு சிறுமி கேட்டாள்: "மிஸ், இது தூக்கணாங்குருவிக் கூடுல்ல? தையல்சிட்டு இலையைத்தானே தைக்கும்?"

அவள் சொன்னது சரி. தையல்சிட்டு அலகால் இலையின் ஓரத்தில் துளை போட்டு, சிலந்தி நூலையும் பஞ்சையும் கோத்து இலையைப் பை மாதிரி தைக்கும். எனக்கு அது தெரியும். ஆனால் கதையில் 'கூடு கட்டியது' என்று மட்டும் எழுதியிருந்தேன். ஓவியர் தனக்குத் தெரிந்த கூட்டை வரைந்தார். தப்பு என்னுடையது.

கதையைச் சரிசெய்ய ஒரு சாயங்காலம் போதும். மூன்று பக்கக் காத்திருப்பை ஒரே பக்கமாக்கி, பத்தாம் பக்கத்தில் வரும் செம்போத்தை ஆறாம் பக்கத்துக்கே கொண்டுவந்தால் கதை ஓடும். படங்களை என்ன செய்வது? நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் கூடும், குறையும். இரண்டு பக்கத்தை மட்டும் உருவ முடியாது. புதிதாக வரையப் பணமில்லை. புத்தகம் அப்படியே வெளிவந்தது. இன்றைக்கும் அதை எங்காவது வாசிக்கும்போது ஏழாம் பக்கத்தில் பிள்ளைகள் நெளிவதைப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் வலிக்கிறது.

அதனால் இதைச் செய்யுங்கள். நான்கு ஏ4 தாள்களை ஒன்றாக வைத்து நடுவில் மடியுங்கள். 16 பக்கம் வரும். தலைப்புக்கும் பதிப்பு விவரத்துக்கும் இரண்டு போனால் கதைக்கு 14. பென்சிலால் வரிகளைப் பிரித்து எழுதுங்கள். படம் வேண்டாம், 'இங்கே செம்போத்து' என்று கட்டம் போட்டால் போதும். கேள்வி வலப்பக்கத்தில் முடிந்து, பதில் தாளைத் திருப்பினால் வர வேண்டும். இது கையில் மடித்த தாளில்தான் தெரியும், கணினித் திரையில் தெரியாது.

பிறகு அதை வகுப்பு ஆசிரியரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் ஓரமாக உட்காருங்கள். நாமே வாசித்தால் தொய்வான இடத்தையெல்லாம் குரலால் தூக்கி நிறுத்திவிடுவோம். "பிடிச்சிருக்கா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஒரே குரலில் "பிடிச்சிருக்கு" என்பார்கள். மறுநாள் போய்க் கதையை அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் விட்டுவிட்டுச் சொல்லும் பகுதியைப் பேனாவால் வட்டமிடுங்கள். இரண்டு மூன்று வகுப்பில் இப்படிப் பார்த்த பிறகு ஓவியரிடம் போங்கள். போகும்போது பறவை, செடி, கூடு எல்லாவற்றுக்கும் புகைப்படம் எடுத்துப் போங்கள்.

சொற்களைக் கோத்துக் கோத்து எழுதுவது

'அவனுக்கெதிரிலிருந்த மரத்திலிருந்திறங்கிய அணில்' என்று ஒருவர் எழுதியிருந்தார். இலக்கணப்படி சரி. எழுத்துக்கூட்டும் பிள்ளை முதல் சொல்லிலேயே மூச்சுவிட்டு நின்றுவிடும். 'அவனுக்கு எதிரில் ஒரு மரம். மரத்தில் இருந்து அணில் இறங்கியது.' வாய்விட்டுப் படித்தால் எங்கே பிரிக்க வேண்டும் என்று நாக்கே சொல்லும்.

சொந்தப் பிள்ளையின் கைத்தட்டலை நம்புவது

அவள் தட்டுவது அம்மாவுக்காக.

வேறு மொழிக் கதையைத் தழுவி உங்கள் பெயரைப் போடுவது

வேண்டாம்.