தொழில்முறை கோல்ஃபுக்கு மாறும் இளையோர் செய்யக்கூடாத தவறுகள்

1998ஆம் ஆண்டு ராயல் பெர்க்டேலில் நடந்த ஓபன் சாம்பியன்ஷிப்பில் 17 வயது அமெச்சூர் (தொழில்முறை சாராத) வீரரான ஜஸ்டின் ரோஸ் நான்காம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். உடனே தொழில்முறை வீரராக மாறிய அவர், அடுத்தடுத்து 21 போட்டிகளில் ‘கட்’ (பாதிப் போட்டிக்குப் பின் தொடர்ந்து ஆடத் தேவையான எல்லை) தாண்ட முடியாமல் வெளியேறினார். ஐரோப்பிய டூர் என்ற தொழில்முறைப் போட்டித் தொடரில் முதல் வெற்றியைப் பெற 2002 வரை அவர் காத்திருக்க நேர்ந்தது. ஒரே வாரத்தில் தொட்ட உச்சத்தைத் தன் ஆட்டத்தின் வழக்கமான தரம் என்று கொள்வதுதான் முதல் தவறு. என் கருத்தில் மிகப் பெரிய தவறும் அதுவே. சிறந்த சுற்றில் எத்தனை அடிகள் என்பதைவிட, எதுவும் கைகூடாத நாளில், பழக்கமில்லாத மைதானத்தில், எத்தனை அடிகளில் ஆட்டத்தை முடிக்கிறோம் என்பதே பார்க்கவேண்டிய கணக்கு. ரோஸ் பின்னாளில் 2013 யூ.எஸ். ஓபனையும் 2016 ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றார் என்பதால் அந்தத் தொடக்கம் பின்பற்றத்தக்கது ஆகிவிடாது. அந்த நாட்களைத் தாங்கி மீண்டு வருவது எல்லோராலும் இயலாது.

அடுத்த ஆண்டு எங்கே ஆடப்போகிறோம் என்பதை உறுதி செய்யாமல் முடிவெடுப்பது இதனோடு ஒட்டிய தவறு. நிக் டன்லப் 2024 ஜனவரியில் அமெச்சூராகவே, அமெரிக்காவின் தொழில்முறைத் தொடரான பி.ஜி.ஏ. டூரின் ஒரு போட்டியை வென்றார். விதிப்படி 15 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட முதல் பரிசை அவர் பெற முடியவில்லை. ஆனால் அந்த வெற்றி அவருக்கு டூரில் நிலையான இடத்தைத் தந்ததால், சில நாட்களில் அவர் துணிந்து மாறினார். தொழில்முறைக்கு மாறியபோது ரோஸிடம் டூர் கார்டு (டூரில் ஆடும் நிலையான உரிமை) இல்லை. ஏற்பாட்டாளர்களின் அழைப்புகளை நம்பியே அவர் ஆட வேண்டியிருந்தது. திறமை மட்டுமன்றி, கையில் இருந்த இடமும் இருவரின் தொடக்கத்தையும் வேறுபடுத்தியது.

அமெச்சூர் என்ற தகுதியால் மட்டுமே கிடைக்கும் வாய்ப்புகளை இழப்பதும் வருத்தத்துக்குரியது. யூ.எஸ். அமெச்சூர் சாம்பியனுக்கு மாஸ்டர்ஸ் போட்டியில் ஆட அழைப்பு வரும். அதற்குள் தொழில்முறைக்கு மாறினால் அந்த அழைப்பு போய்விடும். 2018இல் அப்பட்டத்தை வென்ற விக்டர் ஹோவ்லாந்து, 2019 மாஸ்டர்ஸிலும் யூ.எஸ். ஓபனிலும் அமெச்சூராகவே ஆடி, இரண்டிலும் அமெச்சூர்களில் முதலிடம் பெற்ற பிறகே மாறினார்.

செலவுக்குப் பணமில்லை என்று அவசரப்படுவோர் விதிகள் மாறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் அமெச்சூர்களும் விளம்பர ஒப்பந்தங்கள் மூலம் வருவாய் ஈட்டலாம். அதேவேளை, ஹேண்டிகேப் (ஆட்டத்திறனுக்கேற்ப வழங்கும் அடிச் சலுகை) கழிக்காத போட்டிகளில் 1,000 டாலருக்கு மேற்பட்ட பரிசை ஏற்றாலோ, கட்டணம் பெற்று நேரில் பயிற்சி அளித்தாலோ அமெச்சூர் தகுதி பறிபோகக்கூடும். அறியாமல் செய்ததாகச் சொல்லிப் பயனில்லை. மீண்டும் விண்ணப்பித்துக் காத்திருக்கத்தான் வேண்டும்.

மாறிய பின் வரும் பணக் கணக்கிலும் பலர் தடுமாறுகிறார்கள். வழக்கமான டூர் போட்டிகளில் 36 குழிகளுக்குப் பிறகு கட் தாண்டாதவருக்குப் பரிசுத்தொகை கிடையாது. ஆனால் பயணம், தங்குமிடம், கேடியின் (மட்டைப் பையைச் சுமக்கும் உதவியாளரின்) வாரச் சம்பளம் ஆகியவற்றைக் கொடுத்தே ஆகவேண்டும். எனவே பரிசுத்தொகை எதுவும் வராது என்ற கணக்கிலேயே முதல் ஆண்டுக்கான பணத்தை முன்கூட்டியே திரட்ட வேண்டும்.

புதிய ஒப்பந்தத்துக்காகக் கிளப்புகளையும் (கோல்ஃப் மட்டைகள்), அதே மாதத்தில் பயிற்சியாளரையும், கூடவே ஸ்விங்கையும் (மட்டையை வீசும் முறை) மாற்றுவது இன்னொரு தவறு. ஆட்டம் சரியும்போது காரணம் எதுவென்று பிரித்தறிய முடியாமல் போகும். மாற்றம் தேவையென்றால் ஒவ்வொன்றாக, போட்டிகள் இல்லாத வாரங்களில் செய்வது நல்லது.