"கொஞ்சம் எழுதித் தர முடியுமா?": தனித்து இயங்கும் கலை எழுத்தாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஒரு கண்காட்சி வைக்கிறோம், நீங்கள் கொஞ்சம் எழுதித் தர முடியுமா?" நிறுவனம் எதையும் சாராமல் இயங்கும் கலை எழுத்தாளருக்குப் பல வேலைகள் இப்படித்தான் வருகின்றன. அந்தக் 'கொஞ்சம்' எதுவாகவும் இருக்கலாம். சுவரில் ஒட்டும் அறிமுகக் குறிப்பு, கேட்டலாக் என்னும் கண்காட்சி நூலுக்கான கட்டுரை, கலைஞர் தானே எழுதியதைத் திருத்திக் கொடுப்பது, சில சமயம் எந்தப் படைப்புகளை வைப்பது என்று தேர்ந்து தருவதும்கூட. நான் பார்த்தவரை பெரிய சிக்கல்கள் எல்லாம், இந்த இடத்தில் "சரி, செய்யலாம்" என்று உடனே சொல்லிவிடுவதில்தான் தொடங்குகின்றன. எழுத்தாளராகக் கூப்பிடுகிறார்களா, எடிட்டராகவா, படைப்புகளைத் தேர்ந்து கண்காட்சியை அமைக்கும் க்யூரேட்டராகவா? முதல் பதிலிலேயே கேட்டுவிடுங்கள்.

மூன்று வேலைக்கும் விசுவாசம் வேறு வேறு இடத்தில் இருக்கிறது. விமர்சனம் எழுதுகிறவர் வாசகருக்குக் கடமைப்பட்டவர். எடிட்டர் பிரதிக்கும் அதை எழுதியவருக்கும். க்யூரேட்டர் படைப்புகளுக்கும் அவற்றை நம்பிக் கொடுத்தவர்களுக்கும். ஒரே ஆள் மூன்றையும் செய்யலாம், அதில் தவறில்லை. ஒரே கலைஞர் விஷயத்தில் ஒரே சமயத்தில் மூன்றையும் செய்தால்தான் ஆபத்து.

அமெரிக்க விமர்சகர் கிளெமென்ட் க்ரீன்பெர்க் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. சிற்பி டேவிட் ஸ்மித்தைப் பல ஆண்டுகள் உயர்த்தி எழுதியவர் அவர். 1965இல் ஸ்மித் இறந்தபின் அவருடைய படைப்புச் சொத்துகளைக் கவனிக்கும் நிர்வாகிகளில் ஒருவராகவும் ஆனார். அந்தக் காலத்தில் சில சிற்பங்களின் மேலிருந்த வண்ணப்பூச்சு நீக்கப்பட்டது. 1974இல் கலை விமர்சகர் ரோசலிண்ட் க்ராஸ் இதை எழுதி வெளிக்கொண்டுவந்தபோது பெரிய விவாதம் எழுந்தது. விமர்சகருடைய ரசனை, பாதுகாக்க வேண்டிய கைக்குள் புகுந்துவிட்டது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நானும் தொடக்கத்தில் ஒரு தவறு செய்தேன். ஒரு கலைஞரின் குறிப்பைக் காசு வாங்கிக்கொண்டு திருத்திக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அதே கண்காட்சிக்கு ஒரு பத்திரிகை விமர்சனம் கேட்டது, எழுதினேன். முந்தைய வேலையைப் பற்றி ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டுரை நேர்மையாகத்தான் இருந்தது. ஆனால் விஷயம் தெரியவந்தபின் அதை நம்பும்படி யாரையும் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. இப்போதெல்லாம் ஒரு கலைஞரோடு பணத் தொடர்பு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெரும்பாலும் வேலையையே மறுத்துவிடுகிறேன். படைப்பையே அன்பளிப்பாகப் பெறுவதும் இதே கணக்கில்தான் வரும். மறுப்பது சங்கடம்தான், இருந்தாலும் மறுத்துவிட வேண்டும்.

அடுத்தது காகிதம். நண்பர்களுக்குள்தானே என்று ஒப்பந்தம் இல்லாமல் தொடங்குவது இந்தத் துறையின் நெடுநாள் வழக்கம். சேத் சீகலாப் 1960களின் இறுதியில் கேட்டலாக்கையே கண்காட்சியாக்கிக் காட்டியவர். க்யூரேட்டர், பதிப்பாளர் இரண்டு வேலையும் பார்த்தவர். அவரே 1971இல் ராபர்ட் புரொஜான்ஸ்கி என்ற வழக்கறிஞரோடு சேர்ந்து கலைஞர்களுக்காக ஒரு மாதிரி ஒப்பந்தம் தயாரித்தார். படைப்பு மறுவிற்பனையாகும்போது கூடிய மதிப்பில் 15 சதவீதம் கலைஞருக்குப் போக வேண்டும் என்பதும் அதில் உண்டு. கலைஞர்களுக்காக இவ்வளவு யோசிக்கும் நாம் நமக்கென்று ஒரு பக்கம்கூட எழுதி வைப்பதில்லை. நீண்ட பத்திரம் வேண்டாம், ஒரு மின்னஞ்சல் போதும்: எத்தனை சொற்கள், எத்தனை முறை திருத்தம், கண்காட்சி நின்றுபோனால் எவ்வளவு தருவார்கள், பணம் எந்தத் தேதியில் வரும், கட்டுரையை வேறு இடத்தில் மறுபடி பயன்படுத்த யாருக்கு உரிமை, மொழிபெயர்த்தால் யாரைக் கேட்க வேண்டும். திருத்த எண்ணிக்கையை மட்டும் விட்டுவிடாதீர்கள். கலைஞர், கேலரிக்காரர், நிதி கொடுப்பவர் என்று மூவர் ஆளுக்கொரு கருத்துச் சொல்லத் தொடங்கினால் ஒரு கட்டுரை ஏழாவது வடிவத்துக்குப் போய் நிற்கும். திருத்தங்களை ஒருவரே தொகுத்து அனுப்ப வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படங்களில் இன்னொரு குழப்பம் வரும். ஓவியத்தை வாங்கியவர் "போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் அனுமதி கிடைத்துவிட்டதாக நினைக்கிறோம். பெரும்பாலான நாடுகளில் ஓவியம் கை மாறினாலும் பதிப்புரிமை கலைஞரிடமே இருக்கும். 1886இல் உருவான, பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி பொதுவாகக் கலைஞர் இறந்து குறைந்தது 50 ஆண்டுகள் வரை அது நீடிக்கும். பல நாடுகளில் 70. ஓவியத்தைப் படமெடுத்தவரின் உரிமை தனி. அதனால் கலைஞர், புகைப்படக்காரர், வைத்திருப்பவர் என்று மூன்று பேரிடமும் எழுத்தில் கேளுங்கள்.

எழுதும்போது நேரும் தவறுகளில் என்னை மிகவும் வருத்துவது, படைப்பைப் பார்க்காமல் செய்திக்குறிப்பைப் பார்த்து எழுதுவது. திரையில் பார்த்த ஓவியத்தின் அளவு, மேற்பரப்பு, விளிம்பு எதுவும் நமக்குத் தெரியாது. நேரில் போக முடியாவிட்டால் அதைக் கட்டுரையிலேயே சொல்லிவிடலாம். அப்புறம், 'வெளி', 'இடையீடு', 'விசாரணை' போன்ற சொற்களால் நிரப்பும் பழக்கம். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கண் பார்த்ததை எழுதிப் பாருங்கள். எழுத ஒன்றும் இல்லையென்றால் இன்னொரு முறை போய்ப் பார்க்க வேண்டும்.

எடிட்டராக உட்காரும்போது நேர் எதிரான தவறு நடக்கிறது. கலைஞரின் தட்டுத்தடுமாறும் வாக்கியத்தை நம் நடைக்கு மாற்றிவிடுகிறோம். பிழையைத் திருத்துங்கள், குரலை விட்டுவிடுங்கள்.

கண்காட்சி அமைக்கும்போது சறுக்குவது பெரும்பாலும் அளவுகளில்தான். உயரம், அகலம், ஆழம் என்ற வரிசையில்தான் அளவு எழுதுவது வழக்கம். ஒருவர் மாற்றி எழுதினால் படைப்பை வைத்து அனுப்பும் பெட்டியே தப்பாகத் தயாராகிவிடும். காகிதத்தில் செய்த படைப்புகளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வெளிச்சம்தான் பொதுவான வரம்பு, எனவே பெரிய ஜன்னல் உள்ள அறையை ஆசைப்பட்டு எடுத்துவிட்டு நீர்வண்ண ஓவியங்களைக் கேட்காதீர்கள். அருங்காட்சியகத்திடம் இரவல் கேட்பதானால் மாதக்கணக்கில் முன்னதாகக் கேட்க வேண்டும். காப்பீடு, படைப்பு அதன் சுவரிலிருந்து இறங்கும் நொடி முதல் திரும்பி அதே சுவரில் ஏறும்வரை இருக்க வேண்டும். வந்ததும் பெட்டியைத் திறந்து, படைப்பு எந்த நிலையில் வந்தது என்று நிலை அறிக்கை எழுதி, கீறல் இருந்தால் படமெடுத்து, கொண்டுவந்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அவசரத்தில் இதை விட்டால் ஏற்கெனவே இருந்த கீறலும் உங்கள் கணக்கில் விழும்.

கடைசியாக ஆவணம். சுவிட்சர்லாந்து க்யூரேட்டர் ஹரால்ட் ஸீமான், 1969இல் தான் அமைத்த ஒரு கண்காட்சி கிளப்பிய சர்ச்சைக்குப் பின், பெர்ன் நகரின் கலைக்கூடமான குன்ஸ்ட்ஹாலேயின் இயக்குநர் பதவியை விட்டு வெளியேறினார். பிறகு தனித்து இயங்கி 1972இல், ஜெர்மனியில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய கலைக் கண்காட்சியான டாக்குமென்டாவின் ஐந்தாவது பதிப்பை நடத்தினார். கடிதம், வரைபடம், புகைப்படம் என்று அவர் சேர்த்ததெல்லாம் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தை நிறைத்தது. 2011இல் அமெரிக்காவின் கெட்டி ஆய்வு நிறுவனம் அதை வாங்கியது. நமக்கு அவ்வளவு இடம் வேண்டாம், ஒரு கண்காட்சிக்கு ஒரு கோப்புறை போதும்: ஒப்பந்தம், படைப்புப் பட்டியல், சுவர்க்குறிப்பின் கடைசி வடிவம், அறை அறையாகப் படங்கள். படங்களைத் திறப்பு விழாக் கூட்டத்தில் எடுக்காமல் மறுநாள் காலை வெற்று அறையில் எடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், கழற்ற வருகிறவர்கள் ஏணியோடு வந்து நிற்பார்கள்.