மீனைக் கண்டாலே வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைக்கு

பத்து மாதத்தில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்ட பிள்ளை, ஒன்றரை வயதில் இட்லி, தயிர்சோறு, பால், பிஸ்கெட்டோடு நின்றுவிடும். கண்ணு பட்டிருக்கும் என்று ஆயா மிளகாய் சுற்றிப் போடுவார். போடட்டும். ஆனால் காரணம் வேறு. முதல் வருடத்தில் பிறந்த எடை ஏறக்குறைய 3 மடங்காகிறது; இரண்டாம் வருடம் முழுக்க ஏறுவது 2, 2½ கிலோதான். வளர்ச்சி நிதானமாகும்போது பசியும் குறைகிறது. தெரியாத சாப்பாட்டின் மேல் பயம் வருவதும் இந்த வயதில்தான். அந்தப் பயத்தை மிரட்டியும் போக்க முடியாது, கெஞ்சியும் போக்க முடியாது. பழகிப் பழகித்தான் போகும்.

இங்கே மீனை வைத்துச் சொல்கிறோம். வட சென்னையில் காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் வீட்டில் எல்லாரும் சாப்பிடுவது அதுதான். பிள்ளை அதிகம் ஒதுக்குவதும் அதைத்தான். மரக்கறி வீட்டில் மீன் இருக்கும் இடத்தில் பீட்ரூட்டையோ கீரையையோ வைத்துக்கொள்ளலாம், வழி ஒன்றுதான்.

முதலில் பசி

பால் ஒரு நாளைக்கு 400 முதல் 500 மில்லி போதும்; 200 மில்லி டம்ளரில் இரண்டு, மிஞ்சினால் இரண்டரை. அதற்கு மேல் போனால் வயிறு பாலிலேயே நிறைந்துவிடும், இரும்புச்சத்தும் குறையும். இரும்புச்சத்து குறைந்தால் பசி இன்னும் மந்தமாகும். 3 வேளைச் சாப்பாடு, நடுவில் 2 வேளை சின்னத் தீனி, ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டரை மணி நேரமாவது தண்ணீர் மட்டும். இதில் கஷ்டம் வீட்டுக்குள் இல்லை, வாசலில் இருக்கிறது. ஒட்டுக்குடித்தனத்தில் எதிர்வீட்டு அக்கா ஒரு பிஸ்கெட் நீட்டுவார், மூலைக்கடைக்காரர் 5 ரூபாய் பாக்கெட் எடுத்துக் கொடுப்பார். "அக்கா, அது துன்ற நேரம் ஆயிடுச்சு, அப்புறம் குடுங்க" என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எந்த மீன்

கிழங்கானில் தொடங்குங்கள். சதை மெத்தென்று இருக்கும், வாடை குறைவு. வவ்வாலும் நல்லது, நடுமுள்ளை எடுத்தால் பெரும்பாலான வேலை முடிந்தது, விலைதான் இடிக்கும். சங்கராவில் முள் பெரிதாக இருப்பதால் கைக்குத் தட்டுப்படும். மத்தி சத்தானது, ஆனால் மயிர் மாதிரி முள். மூன்று வயதுக்கு முன்னால் வேண்டாம். சுறா புட்டுக்கு முள் பயமில்லை என்று அதைத்தான் பலரும் முதலில் ஊட்டுகிறார்கள். சுறா மற்ற மீன்களைத் தின்று வளர்வதால் அதன் உடம்பில் பாதரசம் சேர்கிறது. பிள்ளைக்கு அது வேண்டாம்.

பிள்ளை முகம் சுளிப்பது பெரும்பாலும் வாடைக்காகத்தான். மீன் பழசாகப் பழசாக அந்த வாடை ஏறும். செவுள் சிவப்பாக, கண் பளிச்சென்று, அழுத்திய சதை திரும்ப எழும்புவதாக இருக்க வேண்டும். 100 கிராம் மீனைக் கல் உப்பும் மஞ்சளும் போட்டு இரண்டு தண்ணீரில் அலசுங்கள். அரை ஸ்பூன் புளித்தண்ணீர் தடவி 5 நிமிடம் வையுங்கள். வாடையை அடக்குவது அந்தப் புளிப்புதான். ஒரு சிட்டிகை மிளகு போட்டு இட்லிச் சட்டியில் 8 முதல் 10 நிமிடம் அவியுங்கள். ஆறியதும் முள் தட்டுப்படுகிறதா என்று கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கிப் பாருங்கள். வேறு வெளிச்சத்தில் இன்னொரு முறை. இந்த இரண்டாவது தடவையை விட்டுவிடாதீர்கள்.

பழக்கும் விதம்

முதல் வாரம் பிள்ளை தட்டில் மீனே வேண்டாம். எல்லாரும் பாயில் உட்கார்ந்து சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள். பார்க்கட்டும், வாடை பழகட்டும். அடுத்து தட்டின் ஓரத்தில் பொட்டுக்கடலை அளவு ஒரு துணுக்கு. அதோடு அதற்குப் பிடித்த இட்லியோ சோறோ கட்டாயம் இருக்க வேண்டும், இல்லையென்றால் தட்டையே தள்ளிவிடும். தொட்டால் ஒரு படி. முகர்ந்தால் ஒரு படி. நக்கிவிட்டுத் துப்பினால் அது பெரிய படி. துப்புவதற்கென்று ஒரு சின்னக் கிண்ணம் பக்கத்தில் வைத்துவிடுங்கள். துப்பலாம் என்று தெரிந்த பிள்ளைதான் வாயில் போட்டுப் பார்க்கும்.

வாரத்துக்கு 2, 3 முறை. பழக 10, 15 முறை பிடிக்கலாம், அதாவது ஒன்றிரண்டு மாதம். நாலாவது முறையிலேயே "இதுக்கு மீன் ஆகாது" என்று முடிவு கட்டிவிடுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. வாங்கித் தின்ன ஆரம்பித்த பிறகு சுண்டைக்காய் அளவு, பிறகு வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற கணக்கு. 20, 25 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். என்ன வைப்பது, எப்போது வைப்பது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு என்பது பிள்ளையின் வயிற்றுக்குத்தான் தெரியும்.

முதல் சில தடவை மீன் கொடுத்த பிறகு இரண்டு மணி நேரம் கவனியுங்கள். உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி வந்தால் மீனை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு இழுத்தால் உடனே 108.

எங்கே கெடுகிறது

தயிர்சோற்றுக்குள் ஒளித்து வைப்பது. கண்டுபிடித்துவிட்டால் மீனோடு தயிர்சோறும் போய்விடும். "மீன் துன்னா சாக்லேட்" என்பது இன்னொன்று. மீன் ஏதோ தண்டனை, சாக்லேட்தான் நல்லது என்று பிள்ளையே கணக்குப் போட்டுக்கொள்ளும். போனில் பாட்டுப் போட்டு ஊட்டினால் வாய் திறக்கும், உண்மைதான். ஆனால் என்ன தின்றோம் என்றே அதற்குத் தெரியாது, நாளைக்குப் போன் இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. மாடிப்படியெல்லாம் கிண்ணத்தோடு துரத்தி ஊட்டுவது புரை ஏறுவதற்கு வழி.

தொண்டையில் முள் மாட்டினால் சோற்று உருண்டையை விழுங்க வைப்பது இங்கே பழைய கைவைத்தியம். செய்யாதீர்கள். முள் இன்னும் ஆழமாகக் குத்தும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

மீனுக்கு மட்டுமல்ல, மெல்ல வேண்டிய எதற்குமே குமட்டுகிறது, ஒவ்வொரு வேளையும் புரை ஏறுகிறது, அங்கன்வாடியில் போடும் எடை மூன்று மாதமாக நகரவில்லை, மண்ணோ சுவர்ச் சுண்ணாம்போ தின்கிறது என்றால் இது அடம் இல்லை. ரத்தசோகை, பூச்சி, விழுங்குவதில் கோளாறு எதுவாகவும் இருக்கலாம். ஸ்டான்லி மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். விலை ஏறும், ஐஸில் கிடந்த வெளியூர் மீனும் வரும். அந்த 61 நாளும் பழக்கத்தை விட்டுவிட வேண்டாம். ஃபைபர் படகுகள் கரையோரம் போய் வரும், நெத்திலியும் கிழங்கானும் கொஞ்சமாவது கிடைக்கும். பிள்ளைக்கு ஒரு வேளைக்கு நாலு நெத்திலி போதும். தலையைக் கிள்ளி, நடுமுள்ளை உருவிவிட்டுக் கொடுங்கள்.