கரண்டு திரும்பி வரும்போது வீட்டுல நெருப்பு பிடிக்காம பாத்துக்க என்ன செய்யணும்

யாங்கோன்ல கரண்டு எப்ப போகும் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது, நடு ராத்திரில "மீ லா பீ"ன்னு (கரண்டு வந்துடுச்சுன்னு பர்மீஸ்ல) தெருவே கத்தும், ஒடனே எந்திரிச்சு தண்ணி மோட்டர போடு, சோத்த வை, அயர்ன் பண்ணு, போன சார்ஜ்ல போடுன்னு எல்லாத்தையும் ஒரே நேரத்துல போட்டுடுவோம். அங்கதாங்க ஆபத்து.

அதனால முதல் வேலை, கரண்டு போன ஒடனே அயர்ன், ரைஸ் குக்கர், கெட்டில், மோட்டர் எல்லாத்தோட சுவிட்சையும் அணைச்சு பிளக்கையும் உருவிடுங்க. ஒரு பல்ப மட்டும் ஆன்ல விட்டுடுங்க, கரண்டு வந்தா அது சொல்லும். அயர்ன் பண்ணிக்கிட்டு இருக்கறப்போ கரண்டு போச்சு, பெட்டிய துணி மேலயே வச்சிட்டு கோயிலுக்கோ கடைக்கோ போயிட்டோம்னா, கரண்டு வந்தா ஆள் இல்லாத வீட்டுல அது பாட்டுக்கு சூடாகும். நம்ம வீடுங்க நெறைய மரமும் பலகையும்தான், மார்ச்சுலேந்து மே வரைக்கும் அடிக்கிற வெயில்ல அதெல்லாம் காஞ்சு கெடக்கும், ஒரு வீட்டுல பத்துனா பக்கத்து வீட்டையும் சேத்து எடுத்துட்டு போயிடும்.

கரண்டு வந்தாலும் அஞ்சு நிமிஷம் பொறுங்க. வோல்டேஜ் 230 இருக்கணும், வந்த புதுசுல ஏறி எறங்கி ஆடும். ரொம்ப கொறஞ்சா பிரிட்ஜ் மோட்டர் சுத்த முடியாம மொணங்கும், அப்ப அதிக கரண்ட இழுத்து காயில் சூடாயிடும். வோல்டேஜ் ஆடுனா கரண்ட கட் பண்ற சேப்கார்டு பெட்டி வாங்கறப்போ வோல்டேஜ் கூடுனா மட்டுமில்ல, கொறஞ்சாலும் கட் பண்ணுமா, கொஞ்ச நேரம் கழிச்சு ஆன் ஆகுமான்னு கேட்டு வாங்குங்க. அப்புறம் ஒவ்வொண்ணா போடுங்க.

எக்ஸ்டென்ஷன் போர்டுதான் எனக்கு ரொம்ப பயம். அயர்ன் 1000 வாட், ரைஸ் குக்கர் 700, கெட்டில் 1500ன்னு வச்சுக்குங்க, மூணும் ஒரே போர்டுல போட்டா 3200 வாட், கிட்டத்தட்ட 14 ஆம்ப். மலிவு போர்டு நெறைய 10 ஆம்புக்குத்தான் செஞ்சிருப்பாங்க. கொஞ்ச நேரம் ஓடுனதும் அணைச்சிட்டு பிளக்க கையால தொட்டுப் பாருங்க, சுடுதா? ஓட்டைய சுத்தி பழுப்பா கறை இருக்கா, மீன் நாத்தம் மாதிரி பிளாஸ்டிக் கருகுன வாடை வருதா? இருந்தா டேப் சுத்தாதீங்க, தூக்கிப் போட்டுடுங்க. உள்ள பித்தள லூசாகி பிளக்க கெட்டியா பிடிக்கல, அதான் சூடு. ரெண்டு முள் பிளக்க மூணு ஓட்டை சாக்கெட்டுல செருக மேல் ஓட்டைல குச்சிய, ஸ்க்ரூடிரைவர விட்டு நெம்புற பழக்கத்தையும் விட்டுடுங்க, அடாப்டர் ஒண்ணும் பெரிய வெல இல்ல. லோடு கூடுனா தானா கரண்ட அணைக்கிற பிரேக்கர் அடிக்கடி விழுதுன்னா பெரிய ஆம்ப் பிரேக்கர் மாத்தச் சொல்லாதீங்க, அப்ப பிரேக்கர் விழாது, செவத்துக்குள்ள வயர் எரியும்.

மீ செட் (ஜெனரேட்டர்) வச்சிருக்கவங்க அத ரூம்குள்ள, படிக்கட்டுக்கு கீழ, ஜன்னல் பக்கத்துல ஓட்டவே ஓட்டாதீங்க, அந்த புகைல இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கெடையாது, தூங்கறவங்க எந்திரிக்க மாட்டாங்க. பெட்ரோல் ஊத்தறதுன்னா அணைச்சு ஆறவிட்டு ஊத்துங்க. வீட்டு லைனோட சேக்கணும்னா வெளி லைனயும் ஜெனரேட்டரையும் ஒண்ணா சேர விடாத சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம், இல்லன்னா நம்ம கரண்டு வெளி லைனுக்கு ஏறி கம்பத்துல வேலை செய்றவர கொன்னுடும். இன்வெர்ட்டர் பேட்டரி தண்ணி ஊத்தற டைப்னா சார்ஜ் ஏர்றப்போ சட்டுன்னு பத்திக்கிற ஹைட்ரஜன் வாயு வரும், அதப் போய் சாமி மாடத்துக்கு கீழ வைக்கிறாங்க, மேல வெளக்கு எரியுது. இடத்த மாத்துங்க, இன்னைக்கே. இ-பைக் பேட்டரிய வாசப்படில, படுக்கற பக்கத்துல சார்ஜ் போடாதீங்க, பத்துனா வெளிய ஓட வழி வேணும்ல.

மெழுகுவர்த்திய தட்டுல மணல் போட்டு நிறுத்துங்க, திரைச்சீலை கொசுவலைலேந்து தள்ளி.

மீறி வயர்ல நெருப்பு வந்துட்டா தண்ணி ஊத்தாதீங்க, முதல்ல மெயின அணைங்க, அப்புறம் காஞ்ச மணலோ, நெருப்பு அணைக்கிற பவுடர் சிலிண்டரோ அடிங்க. கூரை வரைக்கும் ஏறிடுச்சுன்னா பொருள பாக்காம எல்லாரும் வெளிய வந்து தீயணைப்புக்கு 191ல போன் பண்ணுங்க. வீட்டு நம்பர், தெரு, வட்டம் எல்லாத்தையும் பர்மீஸ்ல எழுதி போன் பக்கத்துலயும் வாசக் கதவுலயும் ஒட்டி வைங்க, பதட்டத்துல பிள்ளைங்க அதப் பாத்து படிச்சா போதும்.