வெள்ளியங்கிரி ஏறப் போகிறவர்களுக்கு: ஏழு மலைக்கும் ஒரு கணக்கு

கோவையிலிருந்து பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம், செம்மேடு என்று மேற்கே போகும் சாலை, சுமார் 40 கி.மீ. தள்ளிப் பூண்டி அடிவாரத்தில் கொண்டுபோய் விடும். அங்கே வெள்ளியங்கிரி ஆண்டவரும் மனோன்மணி அம்மனும் இருக்கிறார்கள். சுயம்புலிங்கம் இருப்பது ஏழாவது மலையின் உச்சியில். ஒரு வழிக்கு ஏறக்குறைய 6 கி.மீ. தூரம் குறைவுதானே என்று நினைத்து விடாதீர்கள். பழகிய கால்களுக்கே ஏற 4 மணி நேரம் ஆகும், முதல் முறை வருபவர்களுக்கு 6 அல்லது 7. இறங்க 3 முதல் 5 மணி நேரம்.

வனத்துறை வழியைத் திறப்பது பிப்ரவரி முதல் மே வரைதான். இது போளுவாம்பட்டி வனச்சரகம், யானை நடமாடும் காடு. மற்ற மாதங்களில் மழையும் அட்டையும் வேறு சேர்ந்துகொள்ளும். சிவராத்திரிக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் கூட்டம் நெருக்கும், நின்று மூச்சு வாங்கக்கூடப் படியில் இடம் கிடைக்காது. முதல் முறை என்றால் பிப்ரவரி, மார்ச்சில் ஒரு வார நாள் நல்லது. மே மாதத்தில் மதியத்துக்கு மேல் இடிமழை பிடித்தால் மேல் மலைகளில் ஒதுங்க ஒரு மரம் இராது. பெண்கள் ஏறுவதற்கு நெடுங்காலமாக வயதுக் கட்டுப்பாடு வழக்கத்தில் இருந்தது. இப்போதைய விதியைக் கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பலரும் இரவு 9, 10 மணிக்கு ஏறத் தொடங்குவார்கள். விடியலுக்கு உச்சி, வெயில் ஏறும் முன் புல்வெளியைத் தாண்டி இறக்கம் என்பது கணக்கு. ஆனால் தனியாகக் கிளம்ப வேண்டாம், ஏதாவது ஒரு கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளுங்கள்.

அடிவாரத்தில் மூங்கில் தடி விற்கும். வாங்கியே ஆக வேண்டும். ஏறும்போது பாரமாகத் தெரியும் தடிதான் இறங்கும்போது மூன்றாவது காலாக நிற்கும். உங்கள் நெஞ்சு உயரத்துக்குக் குறையாமல், ஊன்றிப் பார்த்து வளையாததாக எடுங்கள். தலையில் மாட்டும் டார்ச், மாற்று பேட்டரி, 2 லிட்டர் தண்ணீர், ஸ்வெட்டர், காது மறைக்கும் குல்லா, பேரீச்சை, கடலை மிட்டாய், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. இவ்வளவு போதும். பிளாஸ்டிக் பையில் கட்டிய தின்பண்டத்தைச் சோதனையில் பிரித்து எடுத்துவிடுவார்கள், துணிப் பையிலோ காகிதத்திலோ கட்டுங்கள். தண்ணீர் பாட்டிலுக்கு ஒட்டுச்சீட்டு ஒட்டி முன்பணம் வாங்குவார்கள்.

இனி மலை. ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் முதல் மலைதான். ஒரே சீராக இல்லாத கற்படிகள், ஒன்று அரை அடி, அடுத்தது முழங்கால் உயரம், நடுவே சமதளம் கிடையாது. உற்சாகத்தில் வேகமாக ஏறுகிறவர்களுக்கு வெள்ளை விநாயகர் கோயில் வருவதற்குள் தொடை நடுங்கிவிடும். பக்கத்தில் வருகிறவரோடு மூச்சிரைக்காமல் பேச முடிகிற வேகமே சரியான வேகம். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் அடிவாரத்திலேயே கும்பிட்டுத் திரும்பலாம். மலையில் மயங்கி விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு இறங்க டோலி ஒன்றுதான் வழி, அதற்கும் மணிக்கணக்காகும். நெஞ்சு அடைத்தாலோ, இடக்கை வலித்தாலோ அடுத்த மலை வரை பார்க்கலாம் என்று தள்ளிப் போடக் கூடாது.

அடுத்து வரும் பெயர்களைக் கதையாக மட்டும் கேட்காமல் வழிக்குறிப்பாகவும் வைத்துக்கொள்ளுங்கள். வழுக்குப்பாறை, பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது: பனி இறங்கிய இரவில் தேய்ந்த ரப்பர் செருப்பை விட வெறுங்கால் மேல். பாம்பாட்டிச் சித்தர் இருந்த இடம் என்று சொல்லும் பாம்பாட்டிச் சுனை, கை தட்டினால் நீர் சுரக்கும் என்று நம்பும் கைதட்டிச் சுனை. கோடையில் கையைத் தட்டியும் நூலாகத்தான் ஒழுகும், வரிசையும் நிற்கும். ஆகவே பாட்டில் பாதி ஆனதுமே நிரப்பிக்கொள்ளுங்கள்.

பாண்டவர்கள் வனவாசத்தில் வந்தபோது பீமன் உருட்டி வைத்த களி என்று பெரிய உருண்டைப் பாறைகளைக் காட்டுவார்கள். பீமன் களியுருண்டை என்ற பெயர் காதில் விழுந்தால் ஸ்வெட்டரை எடுத்துவிட வேண்டும். மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கியிருக்கும், வியர்வையில் நனைந்த சட்டை மேல் காற்று அடிக்கும். இங்கே உட்கார்ந்து தூங்கிப் போகிறவர்கள் விறைத்துப்போய் எழுகிறார்கள். உட்கார்ந்தால் 5 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஆண்டி சுனையில் பலர் குளிப்பார்கள். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி, மாற்றுத் துணி இல்லாவிட்டால் கை கால் நனைத்தால் போதும்.

ஏழாவது, சுவாமி முடி மலை, நெட்டுக்குத்து. பெரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தாமாகவே வாசலும் கூரையும் ஆகி நிற்க, உள்ளே லிங்கம். குமரியில் தவமிருந்த கன்னியை மணக்கக் கிளம்பிய சிவன், பொய்யாகக் கூவிய கோழியால் முகூர்த்தம் தவறிவிட்டதாக நம்பி, மனம் கசந்து வந்து அமர்ந்த மலை இது என்பார்கள். தென்கயிலாயம் என்ற பெயருக்கும் அதையே காரணம் காட்டுவார்கள். குமரிக்குப் பக்கத்தில் இருக்கும் சுசீந்திரத்துக்காரர்களைக் கேட்டால் அதே கதையில் சிவனைச் சுசீந்திரத்தை விட்டு நகர விடமாட்டார்கள்.

தரிசனம் முடிந்ததும் காலை 8 மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். முழங்கால் போவது இறக்கத்தில்தான். தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, பிறகு காலை வையுங்கள். செங்குத்தான இடத்தில் உடம்பைப் பக்கவாட்டாகத் திருப்பி இறங்குங்கள். குதிக்கவே கூடாது. முதல் மலையின் படிகள் கடைசியில் மறுபடி வரும், அதற்காகக் கொஞ்சம் தண்ணீரும் ஒரு கடலை மிட்டாயும் மீதி இருக்கட்டும். காலி பாட்டிலை வீசிவிடாமல் கொண்டுவந்து காட்டினால் முன்பணம் திரும்பக் கிடைக்கும்.