பின்னால் அகல டயர் போடப் போகிறீர்களா? முதலில் ஸ்கேலை எடுங்கள்

கார் வாங்கி ஆறு மாதம் ஆனால் எல்லாருக்கும் வரும் ஆசைதான் இது. பின்னால் போய் நின்று பார்த்தால் டயர் ஒல்லியாகத் தெரியும், இன்னும் ஒரு விரற்கடை அகலமாக இருந்தால் எவ்வளவு கம்பீரமாக இருக்கும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. என்னுடையது ஈ46 தலைமுறை பி.எம்.டபிள்யூ எம்3. தொழிற்சாலையிலிருந்து வரும்போது முன்னால் 225/45 ஆர்18, பின்னால் 255/40 ஆர்18 (முதல் எண் டயரின் அகலம் மி.மீ.-இல், கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில்). பின் ரிம் 9 அங்குலம், ஆஃப்செட் 26, அதாவது ரிம் அச்சோடு பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து 26 மி.மீ. தள்ளியிருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு 10 அங்குல ரிம்மும் 275 டயரும் மாட்டினேன். "அதெல்லாம் தாராளமா உக்காரும் சார்" என்று கடைக்காரர் சொன்னார். உட்காரத்தான் செய்தது, நான் மட்டும் தனியாக ஓட்டிய வரைக்கும்.

மூன்றாவது வாரம் ஏர்போர்ட்டிலிருந்து மாமாவையும் அத்தையையும் அவர்கள் மகனையும் கூட்டிக்கொண்டு, டிக்கி நிறையப் பெட்டிகளோடு வந்தபோது, முதல் வேகத்தடையிலேயே பின்பக்கம் "கர்ர்ர்" என்று ஒரு சத்தம். "ஏம்ப்பா, ஏதோ தீயுற வாசனை வருதே" என்றார் அத்தை. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், டயரின் வெளித்தோளில் கத்தி வைத்துக் கீறினாற்போல வட்டமாக ஒரு கோடு. மட்கார்டின் உள்பக்கம் மடிந்திருக்கும் தகட்டு விளிம்பு செய்த வேலை. வாங்கி மூன்றே வாரம் ஆன டயர், குப்பைக்குப் போனது.

நான் செய்த தப்பு, நிற்கிற காலிக் காரில் இடைவெளி பார்த்ததுதான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல் போகிறது, அப்போ சரி என்று நினைத்துவிட்டேன். பார்க்க வேண்டியது சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது டயர் எங்கே போய் நிற்கிறது என்பதை. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஜாக்கியால் மெதுவாக மேலே தூக்கிப் பார்ப்பதுதான் உருப்படியான வழி. அவ்வளவு பொறுமை இல்லையென்றால், குழந்தைகள் விளையாடும் களிமண்ணை மட்கார்டின் உள்விளிம்பில் அங்கங்கே ஒட்டிவிட்டு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு மேடுபள்ளத்தில் ஒரு சுற்று போய் வாருங்கள். எங்கே நசுங்கியிருக்கிறதோ அங்கே இடமில்லை.

இதைவிடப் பொதுவான தவறு, அகலத்தை மட்டும் பார்த்து ஆஃப்செட்டை மறப்பது. 9 அங்குல ரிம்முக்குப் பதில் 10 அங்குலம் போட்டால் 25.4 மி.மீ. கூடுகிறது, சரி. ஆனால் அது எந்தப் பக்கம் கூடுகிறது? ஆஃப்செட் மாறாவிட்டால் உள்ளே பாதி, வெளியே பாதி. ஆஃப்செட் எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளும், கூடினால் உள்ளே போகும். நான் போட்டது ஆஃப்செட் 25, அதாவது வெளிப்பக்கம் 13.7 மி.மீ., உள்பக்கம் 11.7 மி.மீ. இந்தக் கணக்கைப் பேப்பரில் போட ஐந்து நிமிடம் ஆகாது. நான் போடவில்லை. வெளியே இடிப்பதாவது சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். உள்ளே சஸ்பென்ஷன் கையிலோ ஷாக் அப்சார்பரிலோ உரசினால் டயரின் உள்சுவர் மெதுவாகத் தேய்ந்துகொண்டே இருக்கும், கீழே படுத்துப் பார்க்கிற வரை தெரியாது.

உரசுகிறது என்றதும் அடுத்து இரண்டு யோசனை வரும். ஒன்று, மட்கார்டு விளிம்பை மடித்து உருட்டுவது. பெயின்டைச் சூடாக்கிப் பொறுமையாகச் செய்தால் நன்றாக வரும், அவசரத்தில் உருட்டினால் பெயின்ட் வெடிக்கும், வெடித்த இடத்தில் தண்ணீர் இறங்கும். ஈ46-க்குப் பின்மட்கார்டு ஏற்கெனவே துருப் பிடிக்கிற இடம், நாமே அதற்கு வாசல் திறந்துவிடக் கூடாது. இரண்டாவது, நெகட்டிவ் கேம்பரைக் கூட்டி டயரின் தலையை உள்ளே சாய்ப்பது. கொஞ்சம் என்றால் தப்பில்லை. ஆனால் டயர் உள்ளே நுழைய வேண்டும் என்பதற்காகவே மூன்று, நாலு டிகிரி சாய்த்தால், நேர்சாலையில் உள்விளிம்பில்தான் கார் ஓடும், சீக்கிரமே அங்கே கம்பி தெரியும். அகலத்துக்குக் காசு கொடுத்துவிட்டு அந்த அகலத்தைத் தரையில் படவிடாமல் ஓட்டுவது என்ன கணக்கோ.

அப்புறம் உயரம். டயரில் எழுதியிருக்கும் 40, 35 என்பது அகலத்தில் இத்தனை சதவீதம் பக்கச்சுவர் என்று அர்த்தம், அதனால் அகலம் மாறினால் உயரமும் சேர்ந்து மாறும். 225/45 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 660 மி.மீ., 255/40 சுமார் 661. கிட்டத்தட்ட ஒன்றுதான். பின்னால் 275/40 போட்டால் 677 ஆகிவிடும். 275/35 என்றால் 650-க்கு இறங்கும். முன்னும் பின்னும் ஒரே மாதிரி சுற்றும் என்று நம்பித்தான் ஏபிஎஸ்ஸும் வழுக்கல் கட்டுப்பாடும் நாலு சக்கரத்தின் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. வித்தியாசம் பெரிதானால் வழுக்காத இடத்தில் வழுக்குகிறது என்று எடுத்துக்கொண்டு எஞ்சினை அடக்கும். நாலு சக்கரத்துக்கும் விசை போகிற கார் என்றால் இது இன்னும் மோசம், முன்பின் வேக வித்தியாசத்தை முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஓயாமல் தாங்க வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால், பின்னால் மட்டும் கூட்டுவதே யோசிக்க வேண்டிய விஷயம். பின்பிடிப்பு கூடி முன்பிடிப்பு அப்படியே இருந்தால், திருப்பத்தில் ஸ்டியரிங்கை ஒடித்த பிறகும் கார் மூக்கை நேராக நீட்டிக்கொண்டே போகும். எனக்கு 275 போட்ட முதல் நாளே அது தெரிந்தது, 'பழகிவிடும்' என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இதே காரின் எடையைக் குறைத்து 2003-இல் எம்3 சிஎஸ்எல் என்று கொண்டுவந்தபோது பி.எம்.டபிள்யூவே என்ன செய்தது பாருங்கள்: பின்னால் 255-ஐ 265 ஆக்கியது, கூடவே முன்னால் 225-ஐ 235 ஆக்கியது.

மழையையும் மறக்க வேண்டாம். அதே எடை அகலமான பரப்பில் பரவும்போது டயர் தண்ணீரைக் கிழித்துத் தரையைப் பிடிப்பது கஷ்டமாகும், அதிலும் பள்ளம் தேய்ந்த அகல டயர் தேங்கிய தண்ணீரில் மிதக்கவே ஆரம்பித்துவிடும்.

ரிம் வாங்கும்போது போல்ட் துளை பொருந்தினால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. பி.எம்.டபிள்யூவின் ஈ39 தலைமுறை 5 சீரிஸ் ரிம்முக்கும் ஈ46 ரிம்முக்கும் ஐந்து துளை, 120 மி.மீ. வட்டம்தான். ஆனால் நடுத்துளை ஈ39-இல் 74.1, ஈ46-இல் 72.6. ஒன்றரை மி.மீ. இடைவெளிக்கு வளையம் போடாமல் மாட்டினால் சக்கரம் நடுவில் உட்காராது, வேகம் எடுத்ததும் கார் நடுங்கும், பேலன்சிங் கடைக்கு நடையாய் நடப்பீர்கள். சக்கரத்தை வெளியே தள்ள நடுவில் வைக்கும் தட்டான ஸ்பேசர் போட்டால் அதன் தடிமன் அளவுக்கு நீளமான போல்ட் வேண்டும். பிறகு ஒருநாள் ஸ்பேசரைக் கழற்றினால் போல்ட்டையும் மாற்ற வேண்டும். நீளமானதே இருந்தால் உள்ளே போய் ஹேண்ட்பிரேக் பாகங்களில் இடிக்கும்.

டயரில் அகலத்துக்குப் பின்னால் இருக்கும் 95ஒய் மாதிரி எழுத்தையும் படியுங்கள். 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும், ஒய் என்றால் 300 கி.மீ. வேகம் வரை. மலிவாகக் கிடைக்கிறதே என்று 240-க்கு மட்டுமான வி ரக டயரை 250 போகிற காரில் மாட்டுவது வேண்டாத வேலை.

ஈ46 எம்3 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேம் பிடித்திருக்கும் தரைத்தகடு விரிசல் விடுவது இந்தக் காரின் பிறவிக்கோளாறு. பிடிப்பு கூடக் கூட அந்தத் தகடு தாங்க வேண்டிய இழுப்பும் கூடும். டயருக்கு ஒதுக்கிய காசை எடுக்கும் முன் லிஃப்ட்டில் ஏற்றி அதைப் பார்த்துவிடுங்கள், விரிசல் இருந்தால் காசு அங்கேதான் போக வேண்டும்.

இப்போது என் காரில் பழைய ரிம்தான். முன்னால் 235/40, பின்னால் 265/35, இரண்டுக்கும் விட்டத்தில் வித்தியாசம் மூன்று மி.மீ. கூட இல்லை. அந்த 10 அங்குல ரிம் இரண்டும் மொட்டைமாடியில் கிடக்கின்றன, ஒன்றின் மேல் அம்மா வடாம் தட்டு வைக்கிறார்.